கோரேகான் தூணில் இருக்கும் 49 பெயர்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் என் கைபேசிக்கு இரண்டு வெற்றி நாட்கள் வந்து சேரும். முதலாவது டிசம்பர் 16. 1971இல் பாகிஸ்தான் படை டாக்காவில் சரணடைந்த நாள். 'விஜய் திவஸ்' என்று அரசே அனுசரிக்கிறது. டெல்லியில் மலர்வளையம், தொலைக்காட்சியில் பழைய படக்காட்சிகள், பள்ளிக்கூடங்களில் உறுதிமொழி. இரண்டாவது ஜனவரி 1. இது எந்த அரசு நாட்காட்டியிலும் வெற்றி நாளாகக் குறிக்கப்படவில்லை. ஆனாலும் அன்று புனே பக்கத்தில் பீமா ஆற்றங்கரையில் ஒரு கல்தூணைப் பார்க்க லட்சக்கணக்கான மக்கள் நீலக்கொடியோடு வருகிறார்கள். யாரும் விடுமுறை கொடுக்காமல் மக்கள் தாங்களே எடுத்துக்கொண்ட விடுமுறை அது.

பசுமலையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்துக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளில் சிலர் இந்த வருடம் கோரேகான் போவதாக இருக்கிறார்கள். ரயில் டிக்கெட் எல்லாம் போட்டாகிவிட்டது. போன வாரம் அவர்களில் ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, 500 பேர் 28,000 பேரைத் தோற்கடிச்சது உண்மையா?" பக்கத்தில் இருந்த தம்பி கேட்டது இன்னும் கடினமான கேள்வி. "வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டதை நீங்க ஏன்டா கொண்டாடுறீங்கன்னு கிளாஸ்ல ஒருத்தன் கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியல அக்கா."

அன்று கொஞ்சம் சொன்னேன். சொன்னது போதாது என்று வீட்டுக்கு வந்தபின் தோன்றியது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த நாளில் நடந்ததைப் பார்ப்போம். 1817 டிசம்பர் 31 இரவு, சிரூரிலிருந்து கேப்டன் பிரான்சிஸ் ஸ்டாண்டன் தலைமையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஒரு சிறு படை புனேவை நோக்கிக் கிளம்பியது. பம்பாய் காலாட்படையைச் சேர்ந்தவர்கள் சுமார் 500 பேர், குதிரைவீரர்கள் முந்நூறு பேருக்குள், இரண்டு பீரங்கிகள், அவற்றை இயக்கச் சிறு பீரங்கிக் குழு ஒன்று. எல்லாம் சேர்த்து எண்ணூற்றுச் சொச்சம். இரவு முழுக்க நடந்து காலையில் ஒரு மேட்டில் ஏறிப் பார்த்தால், ஆற்றுக்கு அப்பால் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் மொத்தப் படையும் நிற்கிறது. 20,000 குதிரைவீரர்கள், 8,000 காலாட்கள். ஸ்டாண்டன் தன் படையைக் கோரேகான் ஊருக்குள் கொண்டுபோய்ப் பதுங்கவைத்தார். அந்த ஊர்த் தெருக்களிலும் வீடுகளிலும்தான் நாள் முழுக்கச் சண்டை நடந்தது.

இப்போது கணக்குக்கு வருவோம். 28,000 என்பது பேஷ்வாவிடம் மொத்தமாக இருந்த படை. ஊருக்குள் இறங்கிச் சண்டையிட்டவர்கள் சுமார் 2,000 பேர். அவர்களில் அரபு வீரர்கள் முக்கியமானவர்கள். கம்பெனிப் பக்கமும் எல்லோரும் மகர்கள் இல்லை. மராத்தியர், ராஜபுத்திரர், முஸ்லிம்கள், யூதர்கள்கூட அந்தப் படையில் இருந்தார்கள். பீரங்கிக் குழு மெட்ராஸ் பீரங்கிப் படையைச் சேர்ந்தது. 'மெட்ராஸ்' என்றதும் நம்மாட்கள் என்று துள்ள வேண்டாம்; அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். அந்தக் குழுவின் அதிகாரி லெப்டினன்ட் சிஷோம் அன்றே கொல்லப்பட்டார். ஒரு கட்டத்தில் பீரங்கி பறிபோய், மறுபடி மீட்கப்பட்டது. பீமா ஆறு கண்ணுக்கு எதிரே ஓடியும் கம்பெனி வீரர்களுக்கு இரவு வரும்வரை குடிக்கத் தண்ணீர் இல்லை.

இரவு ஒன்பது மணிவாக்கில் பேஷ்வா படை விலகியது. ஜெனரல் ஜோசப் ஸ்மித் பெரும்படையோடு வந்துகொண்டிருக்கிறார் என்ற அச்சம் பேஷ்வாவுக்கு. ஸ்டாண்டனும் புனேவுக்குப் போகவில்லை. மிஞ்சியவர்களைக் கூட்டிக்கொண்டு சிரூருக்கே திரும்பினார். கம்பெனித் தரப்பில் செத்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல்போனவர்கள் 275 பேர். சுருக்கமாகச் சொன்னால், எண்ணிக்கையில் பல மடங்கு பெரிய எதிரியிடம் அகப்பட்ட ஒரு படை பன்னிரண்டு மணிநேரம் பட்டினியோடும் தாகத்தோடும் சரணடையாமல் தாக்குப்பிடித்தது. ராணுவ வரலாற்றில் இதற்குப் பெயர் உண்டு, மதிப்பும் உண்டு. '500 மகர்கள் 28,000 பேஷ்வா படையைக் கொன்று குவித்தார்கள்' என்று சுற்றும் படங்கள் வேறொன்றைச் சொல்கின்றன. தயவுசெய்து அவற்றை அனுப்பாதீர்கள். நம்மை மடக்க நினைப்பவர்கள் அந்த எண்ணைத்தான் முதலில் பிடிப்பார்கள். அது உடைந்ததும் மீதி எல்லாவற்றையும் பொய் என்பார்கள்.

மீதி பொய் இல்லை. 1821 மார்ச்சில் கம்பெனி அங்கே தூணுக்கு அடிக்கல் நாட்டியது. அதில் கொல்லப்பட்ட 49 பேரின் பெயர்களைப் பொறித்தது. அவற்றில் 22 பெயர்கள் 'நாக்' என்று முடிகின்றன. அது மகர் ஆண்களின் பெயரில் மட்டும் வரும் பின்னொட்டு. பேஷ்வா ஆட்சியில் தீண்டப்படாதவர்கள் தங்கள் காலடித் தடத்தைத் தாங்களே பெருக்கிக்கொண்டு போக இடுப்பில் துடைப்பமும், எச்சில் தரையில் விழாதிருக்கக் கழுத்தில் கலயமும் கட்டிக்கொள்ள வேண்டியிருந்ததை அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் குறிப்பிடுகிறார். அப்படிப்பட்ட சாதியைச் சேர்ந்த 22 பேரின் பெயர் அதே புனேவுக்குப் பக்கத்தில் கல்லில் ஏறியது. எவனோ ஒரு வெள்ளை அதிகாரி தன் படையின் பெருமைக்காகப் பொறித்திருக்கலாம். பெயர் ஏறியது ஏறியதுதான்.

அதே 1821இல் கம்பெனி இன்னொன்றும் செய்தது. பேஷ்வாக்கள் பிராமணர்களுக்கு ஆண்டுதோறும் கொடுத்துவந்த தட்சிணை நிதியை நிறுத்தாமல், அதிலிருந்து ஒரு பகுதியை எடுத்துப் புனேவில் சமஸ்கிருதக் கல்லூரி திறந்தது. எல்பின்ஸ்டன் அன்று பம்பாய் கவர்னர். தோற்ற பேஷ்வாவின் ஆட்களுக்குக் கல்லூரி, ஜெயித்துக்கொடுத்துச் செத்தவர்களுக்குத் தூண். வெள்ளைக்காரன் நம்மை விடுதலை செய்ய வந்தான் என்று பேசும் தோழர்கள் இந்த இரண்டு கட்டடங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் அந்த மகர் வீரர்கள் எதற்காகச் சண்டையிட்டார்கள்? சம்பளத்துக்காக. இதைச் சொல்ல நாம் கூச்சப்பட வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் எந்தப் படையில் எந்தச் சாதிக்காரன் சம்பளமில்லாமல் சண்டை போட்டான்? பேஷ்வாவுக்காகச் சண்டையிட்ட அரபு வீரன் தேசபக்தியிலா மாய்ந்தான்? 'வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவர்கள்' என்ற குற்றச்சாட்டு எல்லாச் சாதிச் சிப்பாய்களுக்கும் பொருந்தும்போது, அது நம்மை நோக்கி மட்டும் வீசப்படுவது ஏன் என்று அந்தத் தம்பியின் வகுப்புத் தோழனிடம் கேட்கலாம். சீக்கியப் படைப்பிரிவும் கூர்க்காப் படைப்பிரிவும் ராஜபுத்திரப் படைப்பிரிவும் வெள்ளையர் காலத்தில் வாங்கிய போர்ப் பெருமைகளை இன்றும் தங்கள் கொடியில் சுமக்கின்றன. யாரும் அவர்களைத் துரோகி என்பதில்லை.

சம்பளத்தோடு இன்னொன்றும் கிடைத்தது: பள்ளிக்கூடம். கம்பெனிப் படையில் சிப்பாய்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் படிப்பு இருந்தது. ஊர்ப் பள்ளியின் திண்ணையில்கூட ஏறமுடியாத சாதியின் பிள்ளைகள் ராணுவ முகாமில் எழுத்துக் கற்றார்கள். அப்படிக் கற்ற ராம்ஜி சக்பால் ராணுவப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தார், சுபேதார் வரை உயர்ந்தார். அவருடைய கடைசிப் பிள்ளை 1891 ஏப்ரல் 14 அன்று மாவ் ராணுவ முகாமில் பிறந்தது. அந்தப் பிள்ளை யார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அவருக்கு ஒன்றரை வயது ஆவதற்குள் கதவு மூடிவிட்டது. 1892 வாக்கில் மகர்களைப் படையில் சேர்ப்பதை வெள்ளை அரசு நிறுத்தியது. 'வீர இனங்கள்' என்றொரு கோட்பாடு அப்போது ராணுவத்தில் கோலோச்சியது. வடமேற்கில் இருப்பவர்கள் பிறவிப் போர்வீரர்கள், தெற்கில் இருப்பவர்களும் தாழ்ந்த சாதிகளும் அதற்கு லாயக்கில்லை என்பது அதன் சாரம். அதன் பெரிய ஆதரவாளர் ராபர்ட்ஸ். 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் படையின் தளபதியாக இருந்தவர், பிறகு இந்தியப் படை முழுவதற்கும் தளபதியானார். நம் பக்கம் அடிபட்டதும் அந்தக் காலத்தில்தான். மெட்ராஸ் படையில் பதினெட்டாம் நூற்றாண்டு முதலே பறையர்கள் இருந்தார்கள். பர்மா வரை போனவர்கள் அவர்கள். காலாட்படையில் தமிழர்களின் இடம் சுருங்கச் சுருங்க, 'சாப்பர்ஸ்' எனப்படும் பொறியியல் படைதான் அவர்களுக்கு மிஞ்சியது. பாலம் கட்டுவது, பாதை வெட்டுவது, சுரங்கம் தோண்டுவது. குண்டு விழும் இடத்தில் மண்வெட்டியோடு நிற்பவனும் வீரன்தான் என்பது அந்தக் கோட்பாட்டுக்காரர்களுக்கு உறைக்கவில்லை.

எழுபது ஆண்டு விசுவாசத்துக்குக் கிடைத்த பரிசு இது. இங்கேதான் கோரேகான் நம் வரலாற்றுக்குள் உண்மையாக வருகிறது என்பது என் எண்ணம். 1818இல் அது கம்பெனியின் வெற்றி. அதை நம்முடையதாக ஆக்கியவர்கள் வேலை பறிபோன மகர் ராணுவக் குடும்பங்கள். ஓய்வுபெற்ற சிப்பாயான கோபால் பாபா வலங்கர் 1894இல் மனு எழுதினார். 1910இல் புனேவைச் சேர்ந்த சிவராம் ஜன்பா காம்ப்ளே மறுபடி மனுக் கொடுத்தார். கோரேகான் தூணருகே கூட்டங்கள் கூட்டினார். 'நாங்கள் லாயக்கில்லாதவர்கள் என்கிறீர்களே, உங்கள் கையால் நீங்களே எழுதிய இந்தப் பெயர்களைப் படியுங்கள்' என்பதுதான் அந்தக் கூட்டங்களின் பொருள். ஏகாதிபத்தியம் தன் பெருமைக்கு நட்ட கல்லை அதற்கெதிரான சாட்சியாக நிறுத்தினார்கள்.

முதல் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டபோது 1917இல் மகர் படை ஒன்று எழுப்பப்பட்டது. போர் முடிந்து சில ஆண்டுகளில் கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் 1941இல் மகர் படைப்பிரிவு மறுபடி வந்தது. அதன் சின்னத்தில் கோரேகான் தூண் இருந்தது. 1943இல் எழுப்பப்பட்ட சமார் படைப்பிரிவு கோஹிமாவில் ஜப்பானியரை எதிர்த்து நின்றது. 1946இல் அதையும் கலைத்தார்கள். இன்றும் அதை மீண்டும் தொடங்கக் கோருகிறவர்கள் வடக்கில் இருக்கிறார்கள். சாதிப் பெயரில் படைப்பிரிவு வேண்டுமா என்று கேட்டால், எனக்கு ஒன்றும் வேண்டாம். ஆனால் ஜாட், ராஜபுத்திர், டோக்ரா என்று வைத்துக்கொண்டு இதை மட்டும் சாதியவாதம் என்பது என்ன நியாயமோ.

அம்பேத்கர் கோரேகானுக்குப் போனது 1927 ஜனவரி 1 அன்று. அந்த வருடத்தை முழுசாகப் பாருங்கள். ஜனவரியில் கோரேகான். மார்ச் 20 அன்று மகாட் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். டிசம்பர் 25 அன்று அதே மகாட்டில் மநுஸ்மிருதி எரிந்தது. தூணிலிருந்து தொடங்கிய ஆண்டு தண்ணீருக்கும் நெருப்புக்கும் போனது. தூணோடு நின்றிருந்தால் அவர் இன்னொரு சாதித் தலைவராகியிருப்பார்.

கோரேகானைப் பற்றி இன்னொரு குரலும் நம் பக்கத்திலேயே உண்டு. ஆனந்த் டெல்டும்டே 2018 ஜனவரி தொடக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். அந்த வீரர்கள் சாதியை எதிர்த்துச் சண்டையிடவில்லை, அதை அப்படிச் சித்திரிப்பது ஒரு புராணம், அந்தப் புராணம் நம்மை நாம் உடைக்க விரும்பும் அடையாளத்துக்குள்ளேயே அடைத்துவிடும் என்று வாதிட்டார். நம் தோழர்கள் பலர் அவர்மேல் கோபப்பட்டார்கள். அவர் சொன்னதில் பாதியை நான் ஏற்கிறேன். 1818 பற்றி அவர் சொல்வது சரி. அதற்குப்பின் வந்த நூறாண்டுகளில் மக்கள் அந்தக் கல்லை என்ன செய்தார்கள் என்பதற்கு அவர் கொடுத்த எடை குறைவு.

அந்த ஜனவரியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். போர் நடந்து 200 ஆண்டு நிறைவு. முந்தின நாள், 2017 டிசம்பர் 31, பேஷ்வாக்களின் சனிவார் வாடா கோட்டைக்கு முன்னால் எல்கர் பரிஷத் கூடியது. மறுநாள் கோரேகானுக்குப் போய்வந்த மக்கள்மேல் கல்வீச்சு. வண்டிகள் எரிந்தன. ஒரு இளைஞர் உயிரிழந்தார். ஜனவரி 3 அன்று மகாராஷ்டிரா முழுவதும் கடையடைப்பு. பிறகு வழக்கு எல்கர் பரிஷத் பக்கம் திரும்பி, நாடு முழுவதிலும் எழுத்தாளர்கள், வழக்கறிஞர்கள், பேராசிரியர்கள் என 16 பேர் ஊபா சட்டத்தில் கைதானார்கள். கோரேகானைப் புராணம் என்று எழுதிய அதே டெல்டும்டே அந்த வழக்கில் 2020 ஏப்ரல் 14 அன்று, அம்பேத்கர் பிறந்தநாளில், சரணடைந்து இரண்டரை ஆண்டு சிறையிலிருந்தார். கொண்டாடியவனும் உள்ளே, கொண்டாடாதே என்றவனும் உள்ளே. நம் திருச்சிப் பக்கம் விரகாலூரில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த ஸ்டான் சுவாமி, நடுக்குவாத நோயோடு தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் கேட்டுக் காத்திருந்தவர், 2021 ஜூலை 5 அன்று 84 வயதில் விசாரணைக் கைதியாகவே இறந்தார். இருநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு போர் நாளை யார் எப்படி நினைவுகூரலாம் என்பது இன்று ஜாமீன் கிடைக்காத விஷயமாகிவிட்டது. பயணம் போகிற பிள்ளைகளிடம் இதையும் சொல்லித்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்துக்கு வருகிறேன். சீருடை போட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிய ஒருவரைத் தென்மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். இம்மானுவேல் சேகரன். 1924இல் முதுகுளத்தூர் பக்கம் செல்லூரில் பிறந்தவர். 1942இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சிறை போனவர். 1945இல் ராணுவத்தில் சேர்ந்தவர். வெள்ளையனை எதிர்த்தும் சிறை, பிறகு படையிலும் சேவை: ஒரே ஆளின் வாழ்க்கையில் இரண்டும் இருக்கின்றன. 'துரோகியா தியாகியா' என்ற கேள்வியே இவர் முன்னால் அசட்டுத்தனமாகிவிடுகிறது. ராணுவத்தை விட்டு வந்து, ஊர் ஊராகப் போய்த் தீண்டாமைக்கு எதிராகப் பேசினார். 1957 செப்டம்பர் 10 அன்று கலெக்டர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் மற்றச் சமூகத் தலைவர்களுக்குச் சமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள் இரவு பரமக்குடியில் கொல்லப்பட்டார். வயது 33கூட நிறையவில்லை. சுதந்திர இந்தியாவின் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவரைச் சொந்த மாவட்டம் பத்தாண்டுகூட வாழவிடவில்லை.

2010இல் அவருக்கு அஞ்சல்தலை வந்தது. அடுத்த ஆண்டு அவருடைய நினைவு நாளில், 2011 செப்டம்பர் 11, பரமக்குடியில் போலீஸ் சுட்டு தலித்துகள் செத்தார்கள். செப்டம்பர் வந்தால் ராமநாதபுரத்தில் தடை உத்தரவு, வாகனக் கட்டுப்பாடு, சோதனைச் சாவடி. மதுரையிலிருந்து போகும் நம் பிள்ளைகளுக்கு அந்தச் சாவடிகள் பழக்கம். கோரேகானில் இப்போது போடும் போலீஸ் பந்தோபஸ்தைப் பார்த்தால் அவர்களுக்கு ஒன்றும் புதிதாக இருக்காது.

களப்பணிக்காக மதுரையை ஒட்டிய ஒரு ஊருக்குப் போயிருந்தபோது, காலனியில் ஒரு ஓய்வுபெற்ற ஹவில்தாரைச் சந்தித்தேன். 1971 போரில் கிழக்குப் பக்கம் இருந்தவர். தகரப் பெட்டியிலிருந்து பதக்கத்தை எடுத்து, வேட்டி நுனியால் துடைத்துக் காட்டினார். "சண்டையில எல்லாரும் ஒரே பாட்டில்லதாம்மா தண்ணி குடிச்சோம். லீவுக்கு வந்தா டீக்கடையில எனக்குச் செரட்டை. உடுப்பப் போட்டுட்டே போய் நின்னு பாத்தேன். அப்பவும் செரட்டைதான்." கோபமில்லாமல், வேறு யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னார். விஜய் திவஸ் அன்று யாராவது வருவார்களா என்று கேட்டேன். அவருக்கு அந்தப் பெயரே பழக்கமில்லை. கோரேகான் பற்றிச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "செத்தவங்க பேரக் கல்லுல எழுதியிருக்காங்களா? ஊர் பேரும் போட்டிருக்கா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அவர் கேட்டபிறகுதான் இன்னொரு கல் நினைவுக்கு வந்தது. 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று பொறித்த சின்னச் சலவைக்கல் பலகைகள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் இன்றும் இருக்கின்றன. பழைய பள்ளிக்கூடச் சுவரில், சாவடியில், தாலுகா ஆபீஸ் வாசலில். சில இடங்களில் சுண்ணாம்பு பூசி மறைந்திருக்கும். அவற்றில் எண்தான் இருக்கும், பெயர் இருக்காது. போனவர்களில் சேரிக்காரர்கள் எத்தனை பேர் என்பதை அந்த எண் சொல்லாது.

மேலவளவு போனவர்களுக்குப் பெயர் எழுதுவதன் அருமை தெரியும். 1997 ஜூன் 30 அன்று பஞ்சாயத்துத் தலைவரானதற்காகக் கொல்லப்பட்ட முருகேசனுக்கும் உடன் கொல்லப்பட்ட ஆறு பேருக்கும் அங்கே 'விடுதலைக் களம்' இருக்கிறது. அதை அரசு எழுப்பவில்லை.

கோரேகான் போகிற தம்பி தங்கைகளுக்கு: தூணுக்கு முன்னால் செல்ஃபி எடுத்ததும் திரும்பிவிடாதீர்கள். பெயர்ப் பட்டியல் முழுவதையும் படிக்கும்படியாகப் படமெடுத்து வாருங்கள். 22 பெயரை மட்டுமல்ல, 49ஐயும். ஊர் பேர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் பதிலுக்குக் காத்திருக்கிறார். போகாதவர்கள் இந்த விடுமுறையில் உங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் அந்தச் சலவைக்கல் பலகை இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் படமெடுங்கள். காலனியில் வயதானவர்களிடம் பட்டாளத்துக்குப் போன தாத்தாக்கள் பற்றிக் கேட்டு எழுதுங்கள்; பெயர், படைப்பிரிவு, திரும்பினாரா இல்லையா. ஜனவரி இரண்டாம் ஞாயிறு மாலை பசுமலையில் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி உட்காருவோம்.